நிச்சயதார்த்த மோதிரத்துக்கு எத்தனை சென்ட் வைரம் போதும்?

நிச்சயத்துக்கு வைர மோதிரம் போடலாம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்த அன்றைக்கே அடுத்த பேச்சு கிளம்பிவிடும்: கல் எவ்வளவு பெரிசு? பெண்ணின் அத்தை அரை கேரட்டுக்குக் குறைந்தால் அது வைரமே இல்லை என்பார். மாப்பிள்ளையின் சித்தப்பா "அந்தக் காசுக்கு ரெண்டு பவுன் சேர்த்து எடுத்திரலாமே" என்பார். மாப்பிள்ளையோ ராத்திரி தூங்காமல் செல்போனில் அமெரிக்காக்காரர்கள் போட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஒரு கேரட்டாவது இல்லாவிட்டால் மானம் போய்விடும் என்று பயந்துகொண்டிருப்பார். இவர்கள் எல்லாரும் பேசுவது கல்லின் எடையை. விரலில் எடை தெரியாது, அகலம்தான் தெரியும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகிற, ஸ்கூட்டி ஓட்டுகிற, வீட்டில் மாவு பிசைகிற ஒரு பெண் தினமும் போட்டிருக்கப் போகும் மோதிரம் என்றால் 25 முதல் 40 சென்ட்டுக்குள் (நூறு சென்ட் ஒரு கேரட்), நன்றாகப் பட்டை தீட்டிய ஒற்றைக் கல் போதும். 15 சென்ட்டுக்குக் கீழே போனால் தனிக் கல்லாக எடுபடாது, புள்ளி மாதிரி இருக்கும், அந்த இடத்தில் அளவு உண்மையிலேயே முக்கியம். 50 சென்ட்டுக்கு மேலே போனால் செலவு ஏறுகிற வேகத்துக்குக் கண்ணுக்குத் தெரிவது ஏறாது. கையில் காசு தாராளமாக இருக்கிறது, ஆசையும் இருக்கிறது என்றால் ஒரு கேரட்டே எடுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் கடன் வாங்கியோ தாலிக்கொடிக்கு வைத்த பணத்தில் கை வைத்தோ எடுக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம், அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். அப்படியென்றால் 50 சென்ட் வைரம் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. இந்த எடை கல்லின் நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் பரவிக் கிடக்கிறது, மேலிருந்து பார்க்கிற நமக்கு முகம் மட்டும்தான் தெரியும். சரியாகத் தீட்டிய வட்டக் கல் என்றால் 10 சென்ட்டுக்கு முகம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இருக்கும், 25 சென்ட்டுக்கு 4.1, 30 சென்ட்டுக்கு 4.3, 50 சென்ட்டுக்கு 5.1, 75 சென்ட்டுக்கு 5.8, ஒரு கேரட்டுக்கு 6.5, இரண்டு கேரட்டுக்கு 8.1. இன்னொரு முறை பாருங்கள். 50 சென்ட்டிலிருந்து ஒரு கேரட்டுக்குப் போகும்போது எடை இரண்டு மடங்கு ஆகிறது, அகலமோ கால் பங்குதான் கூடுகிறது. விலை இரண்டு மடங்கோடு நிற்பதும் இல்லை. பெரிய கல் பூமியிலிருந்து கிடைப்பதே குறைவு என்பதால் கேரட்டுக்கான விலையே கல் பெரிதாகப் பெரிதாக ஏறும், அதனால் அதே தரத்தில் ஒரு கேரட் ஒற்றைக் கல், இரண்டு அரை கேரட் கற்களின் விலையைத் தாண்டி எங்கேயோ நிற்கும்.

இதிலேயே ஒரு சிக்கன வழியும் இருக்கிறது. 30, 50, 70, 90 சென்ட், ஒரு கேரட் என்று ஆட்கள் கேட்டு வாங்குகிற முழு எண்கள் சில உண்டு, அந்த இடங்களில் விலை படி ஏறின மாதிரி குதிக்கும். 50 சென்ட் கேட்காமல் 46, 47 சென்ட்டில் நல்ல கல் இருக்கிறதா என்று கேளுங்கள், ஒரு கேரட் வேண்டும் என்கிறவர்கள் 90 சென்ட்டை ஒட்டிப் பாருங்கள். அகலத்தில் வரும் வித்தியாசம் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு, அதாவது 0.1, 0.2. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலொழிய யாருக்கும் தெரியாது, நிச்சயதார்த்த மேடையில் யாரும் இரண்டு மோதிரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போவதில்லை. இந்த ரகக் கற்கள் எப்போதும் கையிருப்பில் இருக்காது, வரவழைக்கச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யலாம். மதுரையில் கோயிலைச் சுற்றியுள்ள ஃபேன்ஸி கடைகளில் ஏ.டி. கல், அதாவது அமெரிக்கன் டைமண்ட் என்கிற செயற்கைக் கல் வைத்த மோதிரம் சொற்பக் காசுக்குக் கிடைக்கும். 4, 5, 6 மில்லிமீட்டர் கல் வைத்ததாக இரண்டு மூன்று வாங்கிவந்து பெண்ணை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டு வேலை, ஆபீஸ் வேலை எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். (மாப்பிள்ளை திடீரென்று நீட்டி ஆச்சரியப்படுத்துகிற பழக்கம் நம் ஊரில் குறைவு, பெண்ணே கடைக்கு வந்து எடுப்பதுதான் வழக்கம், அதனால் ஒளிக்க வேண்டியதில்லை.) சராசரிப் பெண்களின் மோதிர உள்விட்டம் 16, 17 மில்லிமீட்டர் இருக்கும், அதில் 5 மில்லிமீட்டர் கல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், ஒல்லியான விரலுக்கு அது நன்றாகவே பெரிசு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஏ.டி. கல்லை மில்லிமீட்டரில்தான் பேச வேண்டும், கேரட்டில் பேசக் கூடாது. அதே அகலத்தில் அது வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம், எடையை ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

பட்டைதான் முதல் செலவு

வைரத்துக்குள் போகிற வெளிச்சம் மேல்பக்கமாகவே திரும்பி வரவேண்டும், அதுதான் ஜொலிப்பு. வட்டக் கல்லுக்கு 57 அல்லது 58 பட்டைகள். எந்தக் கோணத்தில் தீட்டினால் வெளிச்சம் ஒழுகாமல் திரும்பும் என்பதை மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் 1919-லேயே கணக்குப் போட்டு எழுதிவிட்டார், இன்றைக்கும் அதை ஒட்டித்தான் தீட்டுகிறார்கள். அப்புறம் ஏன் மோசமான பட்டை சந்தைக்கு வருகிறது? தீட்டுகிறவருக்கு மூலக்கல்லில் எடை போகக் கூடாது. கோணம் கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை என்று அடிப்பக்கத்தை ஆழமாக விட்டுவிட்டால் 46 சென்ட் வரவேண்டிய கல் 50 சென்ட்டாக நிற்கும், விலையும் 50 சென்ட் விலை ஆகிவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த நாலு சென்ட் கல்லின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்திருக்கும், மேலே ஒன்றும் தெரியாது, நடுவில் இருட்டாக வேறு இருக்கும். ஆழம் ரொம்பக் குறைந்தாலும் வம்பு, முகம் அகலமாகத் தெரியும், ஆனால் கண்ணாடித் துண்டு மாதிரி வெறிச்சென்று இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க லென்ஸ் வேண்டாம், சர்ட்டிபிகேட்டைப் பார்த்தால் போதும். வைரத்தைச் சோதித்துத் தரம் எழுதிக் கொடுக்கிற ஆய்வகங்களான ஜி.ஐ.ஏ. அல்லது ஐ.ஜி.ஐ. கொடுத்த சர்ட்டிபிகேட்டில் 5.10 – 5.13 × 3.15 என்கிற மாதிரி மூன்று எண்கள் இருக்கும். முதல் இரண்டும் அகலம், கடைசியில் இருப்பது ஆழம். ஆழத்தை அகலத்தால் வகுத்தால் வரும் சதவீதமும் அங்கேயே அச்சாகியிருக்கும், வட்டக் கல்லுக்கு அது 59-லிருந்து 62.5-க்குள் இருந்தால் நிம்மதி. 64-ஐத் தாண்டினால் அடுத்த கல்லைக் காட்டச் சொல்லுங்கள். கூடவே பட்டையின் தரம் என்று எக்ஸலண்ட், வெரி குட், குட் என வரிசையாக ஒரு மதிப்பு போட்டிருப்பார்கள். ஐ.ஜி.ஐ.-யில் எக்ஸலண்டுக்கும் மேலே ஐடியல் என்று ஒன்று வரும். எக்ஸலண்டுக்குக் கீழே இறங்காதீர்கள் என்றுதான் சொல்வேன், அதற்காக அஞ்சு பத்து சென்ட் குறைத்துக்கொண்டாலும் சரி. நன்றாகத் தீட்டிய 35 சென்ட் கல் மங்கலான 50 சென்ட் கல்லைவிடப் பெரிதாகத்தான் கண்ணுக்குப் படும், ஏனென்றால் அது ஓரம் வரைக்கும் மின்னும்.

"இது பெல்ஜியம் கட்டிங் சார்" என்று ஒரு வசனம் நம் பக்கத்துக் கடைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரம் பெரிய வைரச் சந்தைதான், மறுக்கவில்லை. ஆனால் உலகத்தில் விற்கிற வைரங்களில் பெரும்பான்மை பட்டை தீட்டப்படுவது சூரத்தில், அங்கேயும் அருமையாகத் தீட்டுகிறார்கள், சுமாராகவும் தீட்டுகிறார்கள். நாட்டின் பேரைக் கேட்டுத் தலையாட்டாமல் சர்ட்டிபிகேட்டில் பட்டை மதிப்பு என்ன என்று மட்டும் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் "புளூ ஜாகர்" கல் வேண்டும் என்றால் அது வேறு சங்கதி. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்துக் கற்களால் வந்த பேர் அது, மெல்லிய நீலச் சாயல் இருக்கும், பாட்டிமார்களின் ஏழு கல் தோட்டில் அந்த ரகத்துக்குத் தனி மதிப்பு. அந்தச் சுரங்கம் 1971-லேயே மூடியாயிற்று. இன்றைக்கு அந்தப் பெயரில் ஒருவர் புதுக் கல் காட்டினால் மரியாதையாகச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

கடை வெளிச்சத்தை நம்பாதீர்கள்

தெற்காவணி மூல வீதியில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், பைபாஸ் ரோடு பக்கம் இருக்கும் பெரிய ஷோரூம்களில் ஏறினாலும், வைரப் பிரிவில் மட்டும் தலைக்கு மேலே சின்னச் சின்ன விளக்குகள் நெருக்கமாக எரியும். அந்த வெளிச்சத்தில் ஏ.டி. கல்கூட ஆடும். "அண்ணே, இதை அப்படியே வாசப்பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துக்கிறோம்" என்று கேளுங்கள். "கூட ஒரு ஆள் வர்றேன் சார், தாராளமாப் பாருங்க" என்பார்கள், இது தினமும் நடக்கிற விஷயம்தான், சங்கடப்பட வேண்டாம். வாசலில் நேர் வெயிலில் பார்க்காதீர்கள். மதுரை மத்தியான வெயிலில் நல்ல வைரமும் கொஞ்சம் கருத்து, நடுநடுவே கலர் தெறித்துத்தான் தெரியும், அதைப் பார்த்து ஏமாந்து நல்ல கல்லை வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள். நிழலில் பாருங்கள், அப்புறம் கடைக்குள் விளக்குகள் குறைவான மூலை ஒன்றில், முடிந்தால் சாதாரண டியூப்லைட்டின் கீழ் பாருங்கள். மோதிரம் தன் ஆயுளில் முக்கால்வாசி நேரம் இருக்கப் போவது அந்த வெளிச்சத்தில்தான். கையை நீட்டி, எதிரே நிற்பவர் பார்க்கும் தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தால் எல்லாக் கல்லும் பெரிசு.

இன்னொரு சின்னச் சோதனை. கட்டைவிரலால் கல்லை நன்றாகத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு ஏற்றிவிட்டுப் பாருங்கள். பட்டை நல்ல கல் பிசுக்கோடும் கொஞ்சம் உயிரோடு இருக்கும், மோசமான கல் அங்கேயே செத்துவிடும். வீட்டில் அது பெரும்பாலும் பிசுக்கோடுதான் இருக்கப் போகிறது, அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

கூட்டிச் சொல்லும் எடை

பில்லில் "வைரம் 0.50 கேரட்" என்றிருக்கும், மோதிரத்தைப் பார்த்தால் நடுவில் ஏழு, சுற்றி பத்துப் பன்னிரண்டு என்று பொடிக் கற்கள் இருக்கும், எல்லாவற்றையும் கூட்டினால்தான் அரை கேரட். இது மோசடி ஒன்றும் இல்லை, ஆனால் ஒற்றை அரை கேரட் கல்லோடு இதை ஒப்பிட்டுவிட்டு "அந்தக் கடையில் பாதி விலை" என்று குதிக்கக் கூடாது. பொடிக் கல்லின் கேரட் விலை ஒற்றைக் கல்லின் கேரட் விலையைவிட மிகக் குறைவு, பிற்பாடு மாற்றப் போனாலும் அதற்கேற்ற மதிப்புதான். ஏழு பொடிக் கற்களை நெருக்கிக் கட்டி ஒரே பெரிய கல் மாதிரித் தோன்ற வைப்பார்கள், தூரத்தில் நன்றாகவே இருக்கும், குறைந்த பணத்தில் அகலம் வேண்டும் என்பவர்களுக்கு அது ஒரு நியாயமான வழி. நான் அதைவிட விரும்புவது நடுவில் 25 சென்ட் நல்ல கல், சுற்றிலும் பொடிக் கற்களால் ஒரு வளையம். முகம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடிவிடும், நடுக்கல்லுக்கு சர்ட்டிபிகேட்டும் இருக்கும். குறை என்னவென்றால் பொடிக் கல் எப்போதாவது ஒன்று விழும், பட்டறைக்குக் கொடுத்து மாற்ற வேண்டிவரும்.

அகலம் காட்ட வேறு தந்திரங்களும் உண்டு. முட்டை வடிவ ஓவல், இரண்டு முனை கூரான மார்க்கீஸ், துளி மாதிரி இருக்கும் பேர் வடிவக் கற்கள் அதே எடையில் வட்டத்தைவிடப் பெரிதாகத் தெரியும், விரலையும் நீளமாகக் காட்டும். கூரான முனை இருக்கிற கல்லுக்கு முனையை மூடிப் பிடிக்கிற கொக்கி கட்டாயம் வேண்டும். வைரம் கடினத்தில் பத்துக்குப் பத்து, ஆனால் சரியான கோணத்தில் அடிபட்டால் பிளக்கும், அம்மிக் கல்லிலோ இரும்புக் கேட்டிலோ மோதினால் முனை உடையும். சதுரமான பிரின்சஸ் வடிவம் எடையை ஆழத்தில் வைத்திருக்கும், மேலே கொஞ்சம் சிறிதாகவே தெரியும். மோதிரப் பட்டையை ஒல்லியாக, 2 மில்லிமீட்டருக்கு எடுத்தால் கல் எடுப்பாக இருக்கும், அதற்கும் ஒல்லியாகப் போனால் ஸ்கூட்டி கைப்பிடியை இறுக்கிப் பிடித்தே வளைந்துவிடும்.

நிறமும் சுத்தமும் எங்கே விட்டுக்கொடுக்கலாம்

நம் கடைகளில் ஈ-எஃப் வி.வி.எஸ்., ஜி-ஹெச் வி.எஸ்., ஐ-ஜே எஸ்.ஐ. என்று ஜோடி ஜோடியாகத் தரம் சொல்வார்கள். முதல் எழுத்துகள் நிறம், டி-யில் நிறமே இல்லை, இசட் வரை போகப் போக மஞ்சள் கூடும். அடுத்தது உள்ளே இருக்கும் குறைகளின் அளவு, வி.வி.எஸ்.-இல் மிகக் குறைவு, வி.எஸ்., எஸ்.ஐ. என்று இறங்க இறங்கக் கூடும். வி.வி.எஸ். கல்லின் குறையைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பழகினவரே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் சம்பந்தி வீட்டார் லென்ஸோடு மண்டபத்துக்கு வரப் போவதில்லை. 40 சென்ட்டுக்குள் எடுப்பவர்கள் வெறும் கண்ணுக்குக் குறை தெரியாத வி.எஸ்.2, அதிர்ஷ்டம் இருந்தால் எஸ்.ஐ.1 கூட எடுக்கலாம், மிச்சப்படும் பணத்தைப் பட்டையிலோ அளவிலோ போடலாம். மஞ்சள் தங்கத்தில் கட்டப் போகிறீர்கள் என்றால் ஐ, ஜே நிறமே தாராளம், தங்கத்தின் சாயலில் கல்லின் லேசான மஞ்சள் காணாமல் போய்விடும். பிளாட்டினம், வெள்ளைத் தங்கம் என்றால் ஜி-ஹெச்சுக்குக் கீழே இறங்கினால் கண்ணில் படும். மஞ்சள் தங்க மோதிரத்தில் கல்லைப் பிடிக்கும் கொக்கிகளை மட்டும் வெள்ளைத் தங்கத்தில் செய்யச் சொல்வதும் நல்ல யோசனை.

தோஷத்தைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பல வீட்டில் கல் தள்ளுபடியாவது அதனால்தான். கரும்புள்ளி இருந்தால் ஆகாது, செம்புள்ளி இருந்தால் ஆகாது, ராத்திரி தலைமாட்டில் வைத்துப் படுத்துக் கனவு பார்க்க வேண்டும் என்று பெரியம்மாக்கள் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், ஆனால் மோதிரத்தைக் கட்டி முடித்த பிறகு இந்தப் பேச்சு வந்தால் சிரமம். அதனால் கல்லைக் கட்டுவதற்கு முன்னாலேயே பெரியவர்களை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். சர்ட்டிபிகேட் சிலவற்றில் குறை எங்கே இருக்கிறது என்று படமே போட்டிருக்கும், நடுமுகத்தில் கறுப்புக் குறை இல்லாத, ஓரத்தில் வெள்ளையாக ஏதோ இருக்கிற கல்லாகப் பார்த்து எடுத்தால் அவர்களுக்கும் நிம்மதி, உங்களுக்கும் பார்வைக்கு நல்லது.

ஆய்வக வைரம்

பெரிய கல் வேண்டும், பணம் அவ்வளவு இல்லை என்பவர்களுக்கு இன்றைக்கு நேரான வழி ஆய்வகத்தில் வளர்த்த வைரம்தான். அது போலி இல்லை. கரிதான், படிக அமைப்பும் அதேதான், கடினமும் அதேதான், சாதாரண லென்ஸில் பார்த்து ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாது, கருவி வேண்டும். 2023 ஜூனில் பிரதமர் மோடி வாஷிங்டன் போனபோது அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி ஜில் பைடனுக்குக் கொடுத்த 7.5 கேரட் கல்லும் இந்த வகைதான். சூரத்தில் நிறைய உற்பத்தியாவதால் விலை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது, அதே அளவு சுரங்க வைரத்தின் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கும். அந்த விலை இறக்கம்தான் அதன் பலவீனமும்: நாளைக்கு விற்கப் போனால் கல்லுக்குப் பெரிதாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள், மோதிரத் தங்கத்துக்குத்தான் காசு. என்னைக் கேட்டால், வெறும் அளவுக்காக மங்கலான சுரங்க வைரத்தை வாங்குவதைவிட நல்ல பட்டையில் ஆய்வக வைரம் மேல். ஒரே ஒரு நிபந்தனை, இரண்டு வீட்டாருக்கும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிற்பாடு மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்தால் கல்லின் அளவெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, மறைத்ததுதான் பேச்சாக இருக்கும்.

இரண்டு மாதச் சம்பளம் செலவழிக்க வேண்டும் என்று எங்கேயாவது படித்திருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். அது டி பியர்ஸ் கம்பெனி தன் வைரத்தை விற்க அமெரிக்காவில் செய்த விளம்பரம். வைரம் என்றென்றைக்கும் என்கிற வாசகத்தை 1947-ல் அவர்களுக்காக எழுதியது ஃபிரான்சஸ் கெரட்டி என்கிற விளம்பர எழுத்தாளர். நம் பக்கம் நிச்சயம் என்றால் தாம்பூலத் தட்டு மாற்றுவது, பெண்ணுக்குப் புடவை, தலை நிறைய மல்லி, இவ்வளவுதான் ஆதியில், மோதிரம் மாற்றுவதெல்லாம் போட்டோவோடு சேர்ந்து வந்தது. போட்டோவில் மோதிரம் பெரிதாகத் தெரிவதும் தெரியாததும் கேமராக்காரர் எவ்வளவு நெருங்கி எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது, மருதாணி போட்ட கையில் 30 சென்ட் அழகாகவே வரும்.

பெரிய கல்லின் தொந்தரவு

இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கல் பெரிதாக ஆக, மோதிரத்தின் உயரமும் கூடும். உயரமான மோதிரம் புடவை ஜரிகையில் மாட்டும், துப்பட்டாவில் மாட்டும், தலையில் மாட்டும், பூக்கட்டும்போது நாரும் நூலும் கொக்கிக்குள் போய்ச் சிக்கும், குழந்தையைக் குளிப்பாட்டும்போது கீறும். கொஞ்ச நாளில் "எதுக்கு வம்பு" என்று கழற்றி பீரோவுக்குள் வைத்துவிடுவார்கள், அதோடு விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும். பெரியார் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் ஒரு கேரட்டைப் போட்டுக்கொண்டு ஏற எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. தினமும் விரலில் இருக்கிற 30 சென்ட்டா, பேங்க் லாக்கரில் இருக்கிற ஒரு கேரட்டா என்று பெண்ணிடமே கேளுங்கள். "லாக்கர்ல இருந்தாலும் பரவாயில்ல, எனக்குப் பெரிசுதான் வேணும்" என்று சொன்னால் அதுவும் சரிதான், அவர் போடப்போகிற மோதிரம்.

கல் விரலோடு ஒட்டி உட்கார்ந்த மாதிரி கட்டச் சொல்லுங்கள். நாலு கொக்கி வைத்தால் கல் அதிகம் தெரியும், ஆறு கொக்கி வைத்தால் ஒன்று தேய்ந்தாலும் கல் விழாது. நர்ஸ், டீச்சர், தையல் வேலை செய்பவர்கள் சுற்றிலும் தங்கத்தால் மூடிக் கட்டிய கல்லைப் பார்க்கலாம், எதிலும் மாட்டாது. வைரத்துக்கு 18 காரட் தங்கம் எடுங்கள், 22 காரட் கொஞ்சம் மெது, கொக்கி சீக்கிரம் நெகிழும். மாப்பிள்ளை மோதிரத்துக்கு நான் பெரிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை: தங்கத்துக்குள் பதித்த 5 அல்லது 10 சென்ட் கல், அவ்வளவு போதும்.

பில் போடும்போது

மொத்த எடை வேறு, தங்க எடை வேறு. மோதிரம் தராசில் 3.500 கிராம், கல் 0.50 கேரட் என்றால் கல்லின் எடை 0.100 கிராம், தங்கம் 3.400 கிராமுக்குத்தான் விலை போட வேண்டும். கல்லையும் தங்கத்தோடு சேர்த்துப் போட்டு, மறுபடி கல்லுக்குத் தனியாகவும் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செய்கூலி, சேதாரம் எவ்வளவு, கல்லின் கேரட் விலை எவ்வளவு, எல்லாம் தனித்தனி வரியாக வேண்டும், கடைசியில் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. இரண்டு லட்சத்தைத் தாண்டினால் பான் கார்டு கேட்பார்கள், எடுத்துப் போங்கள். மோதிரத்தின் உள்பக்கம் பி.ஐ.எஸ். முத்திரை, 18K750, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண், அதாவது அந்த நகைக்கென்று தனியாகக் கொடுத்த அடையாள எண், இருக்க வேண்டும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அந்த முத்திரை தங்கத்துக்கு மட்டும்தான், கல்லுக்கு இல்லை. கல்லுக்கு சர்ட்டிபிகேட் எண், அது பெரும்பாலும் கல்லின் இடுப்பில் லேசரால் பொறித்திருக்கும், லென்ஸில் காட்டச் சொல்லி சர்ட்டிபிகேட்டோடு ஒத்துப் பாருங்கள், சர்ட்டிபிகேட் கொடுத்த ஆய்வகத்தின் இணையதளத்திலும் சரிபாருங்கள். திருப்பிக் கொடுத்தால் என்ன தருவார்கள், மாற்றினால் என்ன தருவார்கள் என்பதை வாயால் சொன்னால் போதாது, பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

எப்போது போவது என்று கேட்டால், அட்சய திருதியை அன்று மட்டும் வேண்டாம், அன்றைக்கு நிற்கவே இடம் இருக்காது, நிழலில் கல் பார்ப்பது எங்கே. ஆவணி முகூர்த்தம் என்றால் ஆடியில் போங்கள். கடையில் கூட்டம் குறைவு, செய்கூலியில் தள்ளுபடியும் கேட்கலாம், கல் வரவழைத்துக் கட்டவும் அவகாசம் இருக்கும். விரல் அளவை மட்டும் சாயங்காலமாகக் கொடுங்கள். சித்திரை வெயிலில் விரல் வீங்கும், காலையில் சுருங்கும், குளுகுளு ஏ.சி. கடையில் எடுத்த அளவு மண்டபப் புழுக்கத்தில் மேடையில் ஏறாமல் நின்றுவிடும்.

கடைசியாக அந்தப் பிசுக்கு விஷயம். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கத்தில் கிரீஸ் தடவிய மேசையில் சரளையைத் தண்ணீரோடு ஓடவிட்டு, ஒட்டி நின்ற வைரத்தை எடுத்ததே இந்தக் குணத்தால்தான். தேங்காயெண்ணெய், நெய், தோசை மாவு, சந்தனம், ஹேண்ட் கிரீம் எல்லாம் கல்லின் அடியில் போய் அப்பிக்கொள்ளும், ஒரு மாதத்தில் 40 சென்ட் கல் 25 சென்ட் மாதிரி சுருங்கித் தெரியும், கல் மங்கிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மோதிரத்தைக் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, மெத்தென்ற பழைய பிரஷால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேய்த்தால் போதும். இதை வாஷ்பேசினுக்கு மேலே செய்யாதீர்கள், கிண்ணத்தில் செய்யுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கடையில் கொடுத்துக் கொக்கிகளை இறுக்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலான கடைகளில் வாங்கின பில்லைக் காட்டினால் இதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.